அவள் ஊருக்குப் போன நாட்களில் தறி

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்து கண்ணமங்கலத்தைத் தாண்டிச் சந்தவாசலில் நிற்கும். படவேட்டு ரேணுகாம்பாளைக் கும்பிட வருகிறவர்கள் இங்கே இறங்கி மேற்கே திரும்புவார்கள். ஊருக்குள் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். ஆரணிப் பட்டு என்று கடையில் விற்பது ஆரணி நகரத்தில் மட்டும் நெய்ததல்ல. சந்தவாசல், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டத்தில் பல ஊர்களின் வீட்டுத் தறிகளில் நெய்து, ஆரணி வழியாக வெளியே போவது அது. புவிசார் குறியீடு பெற்ற பெயர்.

இந்த வீடுகளில் தொழிற்கூடமும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ்தான். நடுக்கூடத்தில் குழித்தறி, அதற்கு நாலு அடி தள்ளி அடுப்படி. கணவனும் மனைவியும் நாள் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க முடியாது. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் நாளில்கூட நூல் சுற்றிய தார் கேட்டாக வேண்டும், கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் இருவரில் ஒருவர் நாலு நாள் ஊருக்குப் போனால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கணவன் போனால் என்ன ஆகும் என்று தமிழ் இலக்கியம் ஈராயிரம் ஆண்டாகச் சொல்லி வந்திருக்கிறது. மனைவி போனால் என்ன ஆகும் என்று தறியைத்தான் கேட்க வேண்டும்.

சேலை நெய்வது ஒரு ஆள் வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். படங்களிலும் அப்படித்தான் வருகிறது. குழிக்குள் காலை விட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், கை நாடாவைத் தள்ளும், கால் மிதியை மிதிக்கும். அந்தப் படச் சட்டகத்துக்கு வெளியே தரையில் ராட்டையோடு இன்னொருவர் இருக்கிறார். சாயம் ஏறி வந்த பட்டு நூல் சிட்டமாக வீட்டுக்கு வரும். அதை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. குறுக்கிழையான ஊடைக்குப் போகும் நூலைச் சிட்டத்திலிருந்து இழைத்து எடுக்க வேண்டும், பிறகு ராட்டையில் பூட்டித் தார்க்குச்சியில் சுற்ற வேண்டும். அந்தத் தார் நாடாவின் வயிற்றுக்குள் உட்காரும். ஒரு தார் தீர்ந்தால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். பட்டுக்கு ஒன்று, ஜரிகைக்கு ஒன்று, கரை நிறத்துக்கு வேறொன்று. காலையில் உலையை வைத்துவிட்டு ராட்டையில் உட்காருவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி உட்காருவது, சாப்பாட்டுக்குப் பின் மறுபடி உட்காருவது என்று மனைவியின் நாள் போகும்.

தார் சுற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தளர்வாகச் சுற்றினால் நாடா ஓடும்போது நூல் வளையம் வளையமாகக் கழன்று சிக்கிக்கொள்ளும். இறுக்கிச் சுற்றினால் ஊடை எளிதில் வெளிவராது, இழுபட்டுக் கரை உள்வாங்கும். நெய்கிறவரின் கை வேகம் எவ்வளவு, நாடாவை எவ்வளவு வீசித் தள்ளுவார், அச்சை எவ்வளவு ஓங்கி அடிப்பார் என்று தெரிந்த கைதான் அவருக்குத் தகுந்த இறுக்கத்தில் சுற்றும். இது எந்தப் பயிற்சி நிலையமும் கற்றுத்தருவதல்ல. கல்யாணமான புதிதில் கழன்ற தாருக்காகத் திட்டு வாங்கி, வருடக்கணக்கில் விரலில் ஏறிய கணக்கு.

கோர்வைச் சேலை என்றால் இன்னும் நெருக்கம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் நெசவிலேயே கோர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒருவரே இருபுறத்தையும் எட்டிப் பிடித்துச் செய்வது சிரமம் என்பதால், ஒரு பக்கத்தில் துணைக்கு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். முன்பு அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளைகள்தாம் உட்கார்ந்தார்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் குறித்து 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனது நல்லது. ஆனால் அவர்கள் எழுந்த இடம் காலியாக இருக்கவில்லை. பல வீடுகளில் அம்மா வந்து உட்கார்ந்தாள். ஏற்கெனவே செய்த வேலை எதுவும் குறையாமல்.

நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்து புதுப் பாவு வரும்போது பழைய இழையின் முனையோடு புது இழையின் முனையை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். இதிலும் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. இவ்வளவும் ஆன பிறகு சேலை மடித்து ஆரணிக்குப் போகும்போது கூலி ஒரு தொகையாக வரும், சேலைக்கு இவ்வளவு என்று. அதில் நெய்ததற்கு எவ்வளவு, சுற்றியதற்கு எவ்வளவு என்ற பிரிவு கிடையாது. கூட்டுறவுச் சொசைட்டிப் புத்தகத்தில் இருப்பதும் மாஸ்டர் வீவரின் நோட்டில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே பெயர், கணவர் பெயர்.

இப்போது அவள் ஊருக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குப் பிரசவம், தம்பி வீட்டுப் புதுமனை. முதல் நாள் ஒன்றும் தெரியாது. போகும் முன்பே இரண்டு நாளுக்குத் தார் சுற்றிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போயிருப்பாள். இரண்டாம் நாள் மாலை கூடை காலியாகும். அவர் குழியிலிருந்து எழுந்து ராட்டையில் உட்காருவார், சுற்றுவார், மறுபடி குழிக்குள் இறங்குவார். ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். அல்லது தெருவில் ஒரு அக்காவிடம் கூலி பேசிச் சுற்றித் தரச் சொல்வார். அந்தக் கூலியை எண்ணிக் கொடுக்கும்போதுதான், அதுவரை விலையில்லாமல் கிடைத்த ஒன்றுக்கு விலை உண்டு என்பது அவர் கையில் உறைக்கும். காசு கொடுத்து வாங்கிய தாரோ அவர் கைக்குப் பொருந்தாது. வேறு யாருடைய கைக்கோ பழகிய இறுக்கம் அது. நூல் கழலும். அவர் முணுமுணுப்பார். தொலைபேசியை எடுத்து, ஜரிகைக் கட்டையை எங்கே வைத்தாய் என்று கேட்பார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார் என்று பதில் வரும். எப்போது வருகிறாய் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் பாவு முடியப் போகிறது என்ற காரணத்தோடு.

வடார்க்காட்டு ஆண்கள் மனைவியிடம் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் அல்லர். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு பொருள் வேண்டும். தறி வீட்டில் அந்தப் பொருள் தார். இதை அன்பில்லாத கணக்கு என்று படித்தவர்கள் ஒதுக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரின் அருமையை அறிவதும் அவர் இல்லாத குறையை உணர்வதும் இந்த வீடுகளில் இரண்டு காரியமல்ல, ஒரே காரியம். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியாமல் அவர் இல்லையே என்று ஏங்குவது அரைகுறை ஏக்கம்.

நம் பழைய பாட்டுகளில் அந்த அரைகுறை உண்டு என்று நினைக்கிறேன். அகநானூற்றின் நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் உள்ளவை எல்லாம் பாலைத்திணை. அதாவது சரிபாதி, 200 பாட்டு, பிரிவைப் பற்றியவை. உலகின் பழைய காதல் தொகைகளில் பிரிவுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவை குறைவாகவே இருக்கும். மாமூலனார் என்ற புலவரின் அகப்பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பாலைதான். தொல்காப்பியம் பிரிவுக்குக் காரணம் வகுக்கிறது. கல்வி, பகை, தூது, பொருள் என்று அது போகும். கால எல்லையும் வகுக்கிறது. படிக்கப் போனவன் மூன்று ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், அரசன் வேலையாகப் போனவன் ஓராண்டுக்குள். வளைகுடா வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது ஆண்டுக்கணக்கைப் பார்க்கும் இன்றைய குடும்பங்களுக்கு இந்த விதி புரியும். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்றும் அந்த நூல் சொல்கிறது.

திருக்குறள் காமத்துப்பாலில் 25 அதிகாரம். அதில் பிரிவாற்றாமை தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட அதிகாரம் கணவன் ஊரில் இல்லாத வீட்டைப் பற்றியது. அவன் போன நாளைச் சுவரில் கோடு போட்டு எண்ணி, தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்தவளை வள்ளுவர் காட்டுகிறார். நெடுநல்வாடையின் அரசி கட்டிலில் உறங்காமல் இருக்கிறாள், அரசன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து நடக்கிறான். முல்லைப்பாட்டிலும் அரசி காத்திருக்கிறாள். எல்லா இடத்திலும் போகிறவன் அவன், இருக்கிறவள் அவள். அவன் நினைப்பதும் உண்டு. பாலையில் பாதி வழியில் நின்று திரும்பலாமா என்று நெஞ்சோடு வழக்காடும் ஆண்களைச் சங்கப் புலவர்கள் நிறையவே பாடியிருக்கிறார்கள். ஆனால் அவன் நினைப்பது அவள் கண்ணை, கூந்தலை, தோளை. அவள் என்ன வேலை செய்தாள் என்பது அவன் நினைவில் வருவது அரிது. அவளுடைய துயரமும் உடம்பில்தான் தெரிகிறது. பசலை படரும், வளை கழலும்.

விதிவிலக்கு உண்டு, சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. உப்பு விற்ற உமணர்கள் வண்டியில் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். பாணரும் விறலியரும் கூட்டமாக அலைந்தார்கள். வேலையே பயணமாக இருந்த குடிகளில் பிரிவு என்ற பேச்சு எழவில்லை. இன்னொன்று நெசவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. கணவன் இல்லாத பெண்கள் கையால் பஞ்சு நூற்றுப் பிழைத்ததை நற்றிணையும் புறநானூறும் குறிக்கின்றன. ஆண் இல்லாத வீட்டில் பெண் கையில் நூல் ஓடியது என்பது நம் இலக்கியத்தில் உண்டு. ஆண் இருக்கும் வீட்டிலும் அவள் கையில்தான் நூல் ஓடுகிறது என்பது பாட்டில் வரவில்லை.

மாமூலனாரிடம் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் பாட்டில் பொருள் தேடிப் போகிறவன் வேங்கட மலையைத் தாண்டிப் போகிறான், புல்லி என்ற தலைவனின் காட்டு வழியே, வேற்று மொழி பேசும் நாட்டுக்கு. சந்தவாசலிலிருந்து வடக்கே பார்த்தால் அந்த வேங்கடம் வெகுதூரத்தில் இல்லை. வேலூர், சித்தூர் தாண்டினால் திருப்பதி. அதன் சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையோரச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். படவேட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். கூலி வேலைக்குப் போனதாகவே குடும்பங்கள் சொன்னன. மோதலில் சுட்டோம் என்றது காவல் துறை, பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் ஒருவரின் மனைவி கொடுத்த புகாரின் மேல் கொலை வழக்குப் பதிவானது. பொருள்வயின் பிரிவு என்று வகுப்பில் படிக்கும்போது அது ஒரு துறையின் பெயர். ஜவ்வாது மலையடிவாரத்தில் அது ஒரு தேதி. வேங்கடம் தாண்டிப் போனவன் திரும்புவானா என்று மாமூலனார் பாட்டுத் தலைவி அஞ்சியது கற்பனை மிகை என்று இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

தறிக்குத் திரும்புவோம். நெசவாளர் ஊருக்குப் போனாலும் தறி நிற்கும்தானே என்று கேட்கலாம். நிற்கும். பாவைத் தளர்த்தி, மேலே துணி போர்த்திவிட்டுப் போவார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பல வீடுகளில் மனைவியும் நெய்யத் தெரிந்தவள்தான். ஆனால் பாதிச் சேலையில் கை மாறினால் அச்சு அடிக்கும் அழுத்தம் மாறும், துணியில் அந்த இடம் கோடாகத் தெரியும் என்பதால் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அவர் இல்லாத நாளில் அவள் சும்மா இருப்பதில்லை, வரப்போகிற நாட்களுக்கான தாரை எல்லாம் சுற்றி வைப்பாள். திரும்பி வந்ததும் அவருக்கு வேலை தயாராக இருக்கும். அவள் திரும்பி வரும்போதோ கழுவாத பாத்திரமும் சிக்கெடுக்க வேண்டிய நூலும் காத்திருக்கும். இரண்டு பிரிவும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதைத்தான்.

போகிறவரைவிட இருக்கிறவருக்குச் சுமை அதிகம் என்பதை வேறு வழியில் தொட்ட ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா டயமண்டும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்டது. சேர்ந்து வாழும் 42 இணையர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வேலையாக நாலு முதல் ஏழு நாள் வெளியூர் போகும் காலத்தில், போவதற்கு முன்னும் பின்னும் சேர்த்து இருவரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள், உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பை அளந்தார்கள். பிரிந்த நாட்களில் தூக்கம் கெட்டது, மனம் சோர்ந்தது, உடல் உபாதைகள் கூடின. போனவரிடமும் மாற்றம் தெரிந்தது, ஆனால் சில மாற்றங்கள் வீட்டில் இருந்தவரிடம் மட்டுமே தெரிந்தன. பசலையை அளக்க ஒரு கருவி கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த ஆய்வில் வந்தவர்கள் அமெரிக்க நகரத்து இணையர்கள். ஒரே கூடத்தில் ஒரே பொருளை இருவர் கையும் செய்யும் வீட்டில் என்ன அளவு வரும் என்று யாராவது அளந்தால் தேவலை.

கணவன் இல்லாத வீடு முழுக்கத் துயரம்தான் என்றும் எழுதிவிடக் கூடாது. கேரளத்தில் ஆண்கள் வளைகுடாவுக்குப் போனபின் வீட்டில் இருந்த பெண்களைப் பற்றி லீலா குலாட்டி எழுதிய நூல் 1993இல் வந்தது. தனிமையும் கவலையும் அதில் உண்டு. வங்கிக்குப் போகவும் வீடு கட்டவும் வெளியாட்களோடு பேசவும் அந்தப் பெண்கள் பழகிக்கொண்டதும் உண்டு. தமிழ்நாட்டிலும் 2015ஆம் ஆண்டுப் புலம்பெயர்வு ஆய்வு வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களை ஏறத்தாழ 22 லட்சம் என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இலங்கையில் நிலைமை தலைகீழ். வீட்டு வேலைக்காக வளைகுடா போனவர்களில் பெண்கள் திரளாக இருந்தார்கள். அங்கே அரசு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகக் கூடாது என்றது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. தந்தை போவதற்கு இப்படி ஒரு அறிக்கை எந்த நாடும் கேட்டதாகத் தெரியவில்லை. மனைவி பயணம் போனால் எது நின்றுபோகும் என்று அரசுகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. அவள் வீட்டில் இருக்கும்போது அதை எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

சந்தவாசல் பக்கத்தில் மனைவியின் பயணத்துக்கு என்றே வழக்கம் அனுமதித்த காலங்கள் உண்டு. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். முதல் பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டு அழைத்துப் போனால் குழந்தையோடு திரும்ப மாதங்கள் ஆகும். மற்ற நேரத்தில் போனால் முகம் சுளிப்பு இருக்கும். இந்த மண்ணின் பெரிய கதையே அப்படித்தான். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன ரேணுகா நேரத்துக்குத் திரும்பவில்லை, ஜமதக்னிக்குச் சந்தேகம் வந்தது, மகன் பரசுராமனை வெட்டச் சொன்னார். படவேட்டில் இன்றும் கும்பிடுவது அம்மனின் சிரசை. ஆடி வெள்ளிகளில் அந்தச் சன்னதிக்கு வரும் கூட்டத்தில் பெண்கள்தாம் அதிகம். போன மனைவி திரும்பத் தாமதமானால் கணவன் மனம் என்ன செய்யும் என்பதற்குச் சங்கப் பாட்டில் விடை இல்லை. ஊர்க் கதையில் இருக்கிறது, மழுவோடு.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. போளூருக்கோ கண்ணமங்கலத்துக்கோ போய்வர முன்புபோலக் கணவனிடம் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பெண்ணின் பயணத்துக்கு வீட்டின் ஒப்புதல் மட்டும் போதாமல் வீட்டின் காசும் வேண்டியிருந்த காலத்தை நினைத்தால் அதன் அளவு தெரியும். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் பேருந்துகள் கிளம்புகின்றன. நெசவுக் குடும்பத்துப் பெண்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். தார் சுற்ற மோட்டார் ராட்டை வந்துவிட்டது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 அலகாக உயர்ந்தது. மோட்டார் ஒரே இறுக்கத்தில் சுற்றும், முணுமுணுக்காது, ஊருக்கும் போகாது. கோர்வையின் மறுகரையில் உட்கார அதால் முடியாது. அறுந்த இழையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

மோட்டார் வந்தது நல்லதே. அவள் கை விடுபட வேண்டும், விடுபட்ட கை மாதச் சம்பளம் வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் அவள் விடுபட்டுப் போன பிறகு, இத்தனை நாள் அவள் செய்தது வேலையே அல்ல, வீட்டு ஒத்தாசை என்று பதிவானால் அது அநியாயம். பதிவு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இந்திய அரசின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019–20இல் நடந்தது. நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம். அவர்களில் நெசவாளர் 26.73 லட்சம், தார் சுற்றுதல், பாவு ஓட்டுதல் போன்ற துணை வேலை செய்வோர் 8.48 லட்சம். மொத்தத்தில் பெண்கள் 72 சதவீதத்துக்கும் மேல். இந்தக் கடைசி எண்ணைக் கேட்டு மகிழ வேண்டாம். அசாம் முதலான வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுக்கு வீடு பெண்களே நெய்கிறார்கள், அந்த எண்ணைத் தூக்கி நிறுத்துவது அவர்கள். ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். நெசவாளர் மூன்று பேருக்குத் துணை ஆள் ஒருவர் என்று வருகிறது. தறிக்கு ஒருவர் தார் சுற்றாமல் தறி ஓடாது என்று தெரிந்த எவருக்கும் இந்த விகிதம் குறைவாகப் படும். குறைந்தவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள். இல்லத்தரசி என்ற கட்டத்தில்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம் என்று சொன்னது. 2024 ஆய்வில் அது 289, 88 என்று ஆனது. ஐந்து ஆண்டில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. தார் சுற்றுவது இதில் எங்கே விழும் என்பது கணக்கெடுக்க வருகிறவர் எப்படிக் கேட்கிறார், வீட்டில் யார் பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. வாசலில் நின்று பதில் சொல்வது பெரும்பாலும் கணவர்தான். அவள் உள்ளே ராட்டையில் இருப்பாள். தமிழ்நாட்டு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ஊர் காஞ்சிபுரம், பட்டுக்குப் பேர்போன ஊர். மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு அரசு கொடுக்கும் மதிப்பு என்று அதைச் சொன்னார்கள். அரசு செய்ததைத் தொழிலும் செய்திருக்கலாம். சேலைக் கூலியைக் கணக்கிடும்போதே நெசவுக்கு இவ்வளவு, தாருக்கு இவ்வளவு, கோர்வைத் துணைக்கு இவ்வளவு என்று பிரித்து, இரண்டு பெயரில் எழுத ஒரு சொசைட்டிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு பேனா போதும்.

கைத்தறிக் கணக்கெடுப்பு 1987–88, 1995–96, 2009–10, 2019–20 என்று நாலு முறை நடந்திருக்கிறது. நான்காவது கணக்கெடுப்பை ஒட்டிப் பெஹ்சான் என்ற அடையாள அட்டை கொடுத்தார்கள். அது நெசவாளருக்கு மட்டுமல்ல, துணைத் தொழிலாளருக்கும் உண்டு. சந்தவாசலிலும் தேவிகாபுரத்திலும் தறி போட்டிருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாவது முறை கணக்கெடுக்க ஆள் வரும்போது அண்ணி ஊரில் இல்லாமல் இருக்கலாம், தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம், செய்யாறு பேருந்தில் இருக்கலாம். தறியில் எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு என்று சொல்லுங்கள். அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.